பேஸுக்குள் நின்ற கட்டை

நான் டபுள் பேஸ் வாசிப்பவன். வயலின் போலத்தான் இருக்கும், ஆனால் ஆளை விட உயரம். வெள்ளவத்தையில் ஒரு ஜாஸ் பாண்ட் வைத்திருந்தேன். சண்டைக் காலத்தில் ஹோட்டல்கள் காற்று வாங்கத் தொடங்கியபின் கலியாண விருந்துகளே கதி. அங்கே ஜாஸ் யாருக்கு வேண்டும்? எழுந்து ஆட வைக்கும் பைலாப் பாட்டுதான் வேண்டும். விருந்தினர் வந்து பட்டிஸ் கடிக்கும் முதல் அரை மணி நேரம் மட்டும் எங்கள் இஷ்டம். அதற்காகத்தான் அந்தப் பூதத்தை வான் வண்டியில் ஏற்றி இறக்கினேன்.

வத்தளையில் ஒரு பகல் விருந்துக்குப் போகும் வழியில், ஒருகொடவத்தைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரன் பேஸின் துளைக்குள் டோர்ச் அடித்தான். உள்ளே ஒரு கட்டை நிற்பதைக் கண்டுவிட்டான். எந்தப் பேஸுக்குள்ளும் அது இருக்கும். ஒட்டுவதில்லை, தந்திகளின் இறுக்கத்தில் மேற்பலகையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். அதில்லாமல் தந்தியை முறுக்கினால் பலகை உள்ளே இறங்கிவிடும். தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி விளக்கினேன். ம்ஹூம். வெளியே எடு என்றான்.

"அண்ணை, எடுத்துக் காட்டுங்கோ," என்றான் ட்ரம்ஸ் அடிக்கும் கொட்டாஞ்சேனைத் தம்பி. "இன்னும் கதைச்சா ஐடென்டியக் கேப்பான்."

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வாயை மூடிக்கொண்டு தந்திகளைத் தளர்த்தினேன். கட்டை விழுந்தது. விரலை விட்டு வெளியே எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திணித்தான். அதைத் திரும்ப உள்ளே நிறுத்தத் தனிக் கருவி வேண்டும், என்னிடம் இல்லை.

விருந்தில், தொய்ந்த தந்திகளைத் தடவிக்கொண்டு வாசிப்பதுபோல் நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. ஒருவரும் கவனிக்கவும் இல்லை. போதாக்குறைக்குப் பெண்ணின் தகப்பன் வந்து என் கையைக் குலுக்கி, "அந்தப் பெரிய வயலின்தான் இண்டைக்கு சுப்பர்!" என்றார். ஆமிக்காரன்மேல் வராத கோபம் அவர்மேல் வந்தது. இத்தனை வருஷமும் யாருக்காக வாசித்தேன்? பேஸை விற்றுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

திரும்பும்போது வான் வண்டியில் தம்பி சொன்னான்: "அண்ணை, நீங்க இல்லாம எங்க அடிக்கிறதெண்டே எனக்குத் தெரியேல்ல. விழுந்திடுவன் மாதிரி இருந்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவனுக்காவது கேட்டிருக்கிறது. மறுநாள் காலையே கட்டையையும் பேஸையும் தூக்கிக்கொண்டு, வாத்தியம் திருத்துகிறவர் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன்.