பெயரில்லாமல் போன அளவுகள்

கல்யாண உடுப்பின் கொக்கி பூட்டவில்லை. இரண்டு நாளில் நிக்காஹ். மணப்பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் இழுத்துப் பார்த்தேன். மார்பில் இரண்டு அங்குலம் குறைவு. துணி அவளுடைய காக்கா, மூத்த அண்ணன், கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. கல்முனையில் எந்தக் கடை ஏறி இறங்கினாலும் அதில் ஒரு துண்டு கிடைக்காது.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. இலக்கம் வரும். கல்யாண உடுப்புத் தைக்கத் தொடங்கிய நாள் முதல் நான் எடுத்த அளவு பிழையாய்ப் போனதில்லை.

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள் சிபானா சொன்னாள். அதனால் நாங்கள் அளவெடுக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைக்கு உள்ளே நான் பெண்ணை அளப்பேன். வெளியே துணி வெட்டுகிற கலீலும் பெண்ணின் வாப்பாவும் இருப்பார்கள். ஆம்பிளைகளுக்குக் கேட்க மார்பு, சீட் என்று கத்த முடியுமா? ஆகவே இலக்கத்தை மட்டும் சொல்வேன். முதலாவது தோள், பிறகு மார்பு, இடுப்பு, சீட் என்கிற பின்பக்கச் சுற்றளவு, கடைசியில் கை. வரிசை மாறாது. சிபானா வெளியே இருந்து கம்ப்யூட்டரில் அடிப்பாள். அது அச்சடித்துத் தரும் துண்டைப் பார்த்துக் கலீல் வெட்டுவான்.

கலீலிடம் துண்டைக் கேட்டேன். மார்புக்கு நேரே சீட் அளவு, சீட்டுக்கு நேரே மார்பளவு. இந்தப் பெண்ணுக்கு மார்பை விடச் சீட் இரண்டு அங்குலம் குறைவு.

"துண்டுல உள்ளதத்தான் ராத்தா வெட்டினன்" என்றான். அவனில் பிழையில்லை.

சிபானா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு விளக்கினாள். தையல் கடைகளுக்கான இந்தப் புரோகிராம் இலவசமானது. எங்கெங்கோ உள்ளவர்கள் சேர்ந்து பி.எச்.பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறார்கள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம். எங்கள் கடைக்கு அளவு அடிக்கிற பக்கத்தை மட்டும் இவள் எழுதிச் சேர்த்திருந்தாள். அந்தப் பக்கமும் என்னைப் போலத்தான், பெயர் சொல்லாமல் அளவுகளை வரிசையாக ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது அளவை வாங்கித் துண்டில் போடுகிற கோடுக்கு, கொடுக்கும். இந்த உடுப்புக்கு அளவெடுத்த கிழமைதான் புது வெர்ஷன் போட்டிருக்கிறாள். அதில் யாரோ ஒருவர், பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று ஃபங்ஷனின் வரிசையை மாற்றியிருக்கிறார். தங்களுடைய கோடில் எல்லா இடத்திலும் மாற்றினார்கள். எங்கள் பக்கம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

"அப்ப அது பிழையெண்டு சொல்லாதா?" என்றேன்.

"ரெண்டும் இலக்கம்தானே மாமி. எது மார்பு, எது சீட் எண்டு பி.எச்.பிக்கு விளங்குமா?"

வடிவு பார்க்கிறவள்தான் நானும். என் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நூல் தெரியாது. அதற்காக ஒருத்தியின் மார்பளவைக் கொண்டுபோய்ச் சீட்டில் வைப்பேனா?

பழைய வரிசையையே வைக்கச் சொல்லி, திருத்தத்தையும் எழுதி சிபானா அவர்களுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை பதில் வந்தது. என்னவாம் என்று கேட்டேன்.

"வரிசையப் பத்தி ஒண்டுமில்ல மாமி. கோடுல அடைப்புக்குறி அவங்கட முறையில இல்லையாம், அத அடுத்த வரியில போட்டுத் திருப்பி அனுப்பட்டாம்."

"புள்ளைக்குக் கொக்கி பூட்டாம நிக்குது. அவனுக்கு அடைப்புக்குறியா?"

அதோடு அவர்களை விட்டுவிட்டேன். கீழே இழுபடுகிற வால்பகுதியில் ஒரு முழம் வெட்டி, அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டி வைத்தேன். பூவேலை பூவேலையோடு பொருந்த வேண்டும், அதிலேயே அன்றைய பொழுது போயிற்று. கொக்கி பூட்டியது. கையைத் தூக்கச் சொன்னேன், ஒட்டு தெரியவில்லை. வால் குறைந்ததைப் பெண்ணின் உம்மா கண்டுவிட்டார். நடக்க லேசு என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் எடுத்துக்கொண்டு போனார்.

அடைப்புக்குறியை இறக்கிப் போட்டும் அவர்கள் வரிசையை மாற்றவில்லை. மற்றவர்கள் புதியதற்குப் பழகிவிட்டார்களாம். சிபானா எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் அளவையும் அதன் பெயரோடு அனுப்பும்படி எழுதினாள். இப்போதுள்ள பி.எச்.பியில் அப்படிக் கொடுத்தால், அவர்கள் வரிசையை எப்படிப் புரட்டினாலும் மார்பு மார்புக்கே போய்ச் சேருமாம். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்களும் பேரோட சொல்லுங்க மாமி" என்றாள்.

கலீலைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை வயரோடு தூக்கித் திரைக்கு உள்ளே வைக்கச் சொன்னேன். இப்போது சிபானாவின் காதருகில் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கோட் எழுதுகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

முதல்நாளே கலீல் வெளியே இருந்து குரல் கொடுத்தான். "ராத்தா, இஞ்ச ஒண்டும் கேக்குதில்ல."

"கேக்கப்படாது" என்றேன். "துண்டுல பேரோட வரும், வெட்டு."