அருங்காட்சியகத்தில் தொங்கிய மீன்வலை

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு முடிந்து, நான் ஊர் திரும்ப இன்னும் பன்னிரண்டு நாட்கள்தான் இருந்தன. அந்த நகரத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு இடம், நவீனக் கலை அருங்காட்சியகம். அறையைக் காலி செய்யும் வேலைக்கு நடுவே ஒரு நாள் முற்பகலில் அங்கே போனேன்.

பெரிதாக ஒன்றும் புரியவில்லை. ஒரு சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். அடுத்த அறையில் கவிழ்த்துப் போட்ட நாற்காலிகள். மூன்றாவது அறையில்தான் அப்படியே நின்றுவிட்டேன். கூரையிலிருந்து ஒரு பழைய மீன்வலை தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கரை ஒதுங்கிய வலை, மீனவர்களின் அலட்சியத்துக்குச் சாட்சி என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

எனக்கு ஊர் திருவிடந்தை. வீடு கடலோரக் குப்பத்தில். அப்பா போன பிறகு அண்ணன்தான் படகில் போகிறான். ஆனால் வகுப்பில் யார் கேட்டாலும் 'மீன் ஏற்றுமதித் தொழில்' என்று இரண்டு வருடமாக மழுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நானும் ஒரு நொடி நம்பினேன் என்பதுதான் உண்மை.

அண்ணனும் நானும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பரீட்சை என்று காரணம் சொன்னேன். கேட்டிருந்தால் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்கு வேறு தேதி கொடுத்திருப்பார்கள். அலைச்சலுக்குச் சோம்பி நான் கேட்கவேயில்லை.

வலையைப் படம் எடுக்கத்தான் போனைக் கையில் எடுத்தேன். என்ன தோன்றியதோ, அண்ணனுக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான். அவனுக்குப் பின்னால் மணல், படகின் ஓரம். போனை வலைப் பக்கம் திருப்பினேன்.

கிட்டே போகச் சொன்னான். ஓட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் காட்டச் சொன்னான்.

"பாப்பா, இது கிழியல. கத்தி வச்சி அறுத்துகீறாங்க," என்றான். "பாறையில மாட்டினா நூலு பிஞ்சி பிஞ்சி தொங்கும். இது பாரு, சீரா கீது. உள்ள ஏதோ உசுரோட மாட்டிகினு இருந்திருக்கும். ஆமை மாட்டினா நாங்களும் இப்படித்தான் அறுத்து வுடுவோம்."

அதற்குள் அந்த அறையின் காவலாளிப் பெண்மணி என் அருகே வந்துவிட்டார். போனில் பேசியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தணிந்த குரலில், போனில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் அண்ணன், மீன் பிடிக்கிறவர் என்று அந்த நாட்டில் முதல்முறையாகச் சொன்னேன். அவன் சொன்னதையும் சொன்னேன். அவர் குனிந்து நூல் முனைகளை நெடுநேரம் பார்த்தார். தங்கள் கடலில் சீல் எனப்படும் கடல்நாய்கள் உண்டு, அதுவாக இருக்கலாம் என்றார். தினமும் இதன் பக்கத்தில் நின்றும் தான் கவனிக்கவில்லை என்றவர், அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மறுபடி நாங்கள் இருவர் மட்டும்.

"அண்ணா, அந்தப் பரீட்சைய தள்ளி வச்சிருக்கலாம். நான்தான் கேக்கல," என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. திரும்பி யாரையோ கூப்பிட்டான்.

"இங்க வா. உன் நாத்தனாரு கீது, பேசு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அண்ணி போனை வாங்கினார். அதுவரை படத்தில் மட்டுமே பார்த்த முகம். சாப்பிட்டேனா என்று கேட்டார். வருகிற அன்றைக்கு என்ன மீன் குழம்பு வைக்கட்டும் என்று கேட்டார். வஞ்சிரம் என்று மட்டும் சொன்னேன்.

விமான நிலையத்துக்கு இருவருமே வந்திருந்தார்கள். இப்போது எனக்கு நாவலூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில். வலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த வரியை மாற்றினார்களா, தெரியாது. ஆனால் யாரிடமாவது தப்பை ஒப்புக்கொள்ள வேண்டி வந்து, சரியான நேரம் வரட்டும் என்று மனசு தள்ளிப்போடும்போதெல்லாம், அண்ணனிடம் ஒரே ஒரு வரியைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனதை நினைத்துக்கொண்டு உடனே பேசிவிடுகிறேன்.