வேண்டாம் என்று வந்த பதில்

அவரை எல்லாரும் ஐஸ் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனுஷருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? தெருவில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது "ஐஸ் பாய்" என்று கத்தினால் இவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் திரும்பிப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு அது ஒரு கூத்து. நல்ல கைராசிக்காரர். ஆனால் சொந்தமாக ஒரு கடை கிடையாது. தாடி முழுக்க நரைத்த பிறகும் இன்னொருத்தர் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், கழற்றிச் சாய்த்த கதவுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல்தான் அவருக்கு. ஏன் பாய் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். நான் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

வயசுக் காலத்தில் அவருக்கு ஒரு சேக்காளி உண்டு. அதே ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். இரண்டு பேரும் நகமும் சதையும். வேலைக்கு வருவது ஒரே சைக்கிளில், மத்தியானம் சாப்பிடுவது ஒரே டப்பாவில். சேர்ந்து ஒரு கடை போடலாம் என்று பேச்சு வந்தது. மார்க்கெட் முக்கில் ஷட்டர் போட்ட இடம் ஒன்றைப் பார்த்தும் வைத்தார்கள். போர்டுக்குப் பச்சையா நீலமா என்கிற வரைக்கும் சண்டை போயாயிற்று.

"எதுக்கும் இஸ்திகாரா பண்ணிடுவோம்டா" என்றவர் ஐஸ் பாய்தான். காரியத்தில் இறங்குமுன் இரண்டு ரக்அத் தொழுது, யா அல்லாஹ், இது எனக்கு நல்லதென்றால் லேசாக்கிக் கொடு, கெட்டதென்றால் இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிவிடு, நல்லது எங்கே இருந்தாலும் அதைத் தந்து என் மனசை அதில் பொருந்த வை என்று கேட்பது. சேக்காளி என்றாலும் கேட்பது கேட்பதுதான். "நீயும் தொழு, நானும் தொழுறேன். ரெண்டு பேர் மனசும் ஒத்து வந்தா இறங்கிடுவோம்."

ஐஸ் பாய் தொழுதார். கனவு கினவு எதுவும் வரவில்லை. ஆனால் காலையில் பல் விளக்கும்போது மனசு கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. "எனக்குச் சரின்னு வந்துடுச்சு" என்று பொண்டாட்டியிடம் சொன்னார். "உங்களுக்கு எப்பவோ வந்தாச்சு. இப்ப அல்லாஹ்கிட்ட கையெழுத்து கேட்டிருக்கீங்க" என்று அந்த அம்மா கேலி பண்ணினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சேக்காளி வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த காயில் கம்பியை உருவிக்கொண்டே பேசினார். "சரியா வரலடா. திரும்பத் திரும்பத் தொழுது பார்த்துட்டேன். உன் பேரை நினைச்சாலே நெஞ்சை அடைக்குது. அல்லாஹ் வேணாங்கிறான், நான் என்ன செய்ய?"

மனுஷன் வேண்டாம் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். படைத்தவனிடம் யார் போய் மல்லுக்கட்டுவது? "அவன் சொன்னா சரிதான்டா" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் சேக்காளி அதே முக்கில், அதே ஷட்டரில், தன் பொண்டாட்டியின் அண்ணனோடு கடை போட்டார். திறப்பு அன்றைக்கு மோட்டார்களைத் தூக்கி உள்ளே வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஆள்தான்.

கடை போனது அவருக்குப் பெரிசில்லை. உன் பேரை நினைத்தாலே என்ற அந்தச் சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அல்லாஹ்வே வேண்டாம் என்றால் தன்னிடம் என்னவோ கோளாறு இருக்கிறது. தனக்கு வந்த 'சரி'யை, அது வெறும் ஆசை என்று தள்ளிவிட்டார். ஊரார் ஃபிரிட்ஜில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிறவர், தன்னைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு ஐஸ் பாய் பொண்டாட்டியின் தம்பி வந்தான். அக்கா புருஷன் என்றால் அவனுக்கு உயிர். "மச்சான், ஏசி சர்வீஸ் ஒண்ணு ஆரம்பிப்போம். நீங்க கூட இருந்தா போதும்."

"என்கூட சேராதே. உனக்கு ஆகாது" என்றார் இவர். அவன் கெஞ்சினான். இவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. படைத்தவன் ஒதுக்கிய ஆள் நான் என்று எந்த வாயால் சொல்வது? என்னை நம்பாதவர் வீட்டில் எனக்கென்ன வேலை என்று போனவன் போனவன்தான். வெளிநாட்டில் இருக்கிறான் என்று கேள்வி. அக்கா வாசற்படியை அதற்குப் பிறகு அவன் மிதிக்கவில்லை. "காரணத்தையாவது சொல்லுங்களேன்" என்று அந்த அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

போன வாரம் அஸர் தொழுகைக்கு முன்னால், பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளூ செய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் பாய், சேக்காளி, சேக்காளியின் மருமகன். யாரோ கூட்டு வியாபாரத்துக்கு வா வா என்று பிடுங்குகிறார், எப்படித் தட்டிக்கழிப்பது என்று மருமகன் மாமனாரிடம் யோசனை கேட்டார்.

"இஸ்திகாரா சரியா வரலன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. எதிர்ப்பேச்சே வராது" என்று சேக்காளி சிரித்தார். "இதோ, இவன்கிட்டயே ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னேன். என் பொண்டாட்டி தன் அண்ணனைத்தான் சேர்க்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான் எங்க தொழுதேன்?"

ஐஸ் பாயின் ஒரு கால் குழாய்க்கு அடியில் இருந்தது. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

"தொழவே இல்லையா?"

"அட, அது ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானேடா. உலகத்துக்கே தெரியும். நீ என்ன, நிஜமாவா நம்பிட்டே?"

அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அழுகைதான் வந்தது. "நீ வேணாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு மறந்திருப்பேன்டா" என்றார். "அல்லாஹ் வேணாம்னுட்டான்னு சொன்னியே. இத்தனை வருஷமா அவன் முன்னாடி கூனிக் குறுகித்தானேடா நின்னேன்."

சேக்காளியின் சிரிப்பு அடங்கியது. மருமகன் எழுந்து குழாயை மூடினார்.

அன்றைக்கு மஃரிப் தொழுகை முடிந்ததும் ஐஸ் பாய் வீட்டில் தனியாக முசல்லாவை விரித்து இரண்டு ரக்அத் தொழுதார். மனப்பாடமான இஸ்திகாரா துஆதான். 'இந்தக் காரியம்' என்று வருகிற இடத்தில் காரியத்தைச் சொல்ல வேண்டும். அங்கே வந்ததும் நின்றுவிட்டார். கடையா? இந்த வயசுக்குமேல் கடை எதற்கு? வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடினார். ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டார்.

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். "உன் தம்பி நம்பர் இருக்கா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பவில்லை. "இருக்கு."

"போட்டுக் குடேன். நான் பேசணும். அவன்மேல தப்பில்லை, என்மேலயும் ஒண்ணும் இல்லையாம்னு சொல்லணும்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நம்பரைத் தேடிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நான் கூப்பிட்டாலே எடுக்க மாட்டேங்கிறான் அவன்."