அண்ணன் மாற்றிக் கட்டிய பாட்டுப்பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் அண்ணன் அவர்கள் கண்மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அண்ணனின் நற்குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தா என்று பெரியப்பா அவர்கள் கேட்டார்கள். அவர்கள் எழுதிய கட்டுரை முன்பக்கத்தில் இருக்கிறது. அதில் அண்ணனைக் குலவிளக்கு என்று எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் குமட்டியது. அந்தக் குலவிளக்கின் கையால் பதிமூன்று வருஷம் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர்கள் வாங்கிக் குடித்ததில்லை. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள் நான் என்பதால் இந்த வரிகள் அப்படியே வெளிவரும் என்று நம்புகிறேன்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அப்பா ராயபுரத்தில் மளிகை மண்டி வைத்தபோது அண்ணனுக்கு நான்கு வயது, நான் பிறக்கவில்லை. நாங்கள் சைவக் குடும்பம். மீன்காரர்களின் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துவிட்டு, மீன் கூடை மேலே பட்டுவிட்டால் மறுபடி குளிக்கும் அப்பா அவர்களை என்ன சொல்வது? நானும் அவர்களுக்குச் சளைத்தவள் இல்லை. கருவாடு காயும் சந்து முடியும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘மூக்குப்பொத்தி’ என்று பெயர். அண்ணன் மட்டும் அந்தச் சந்து வழியாகச் சிரித்துப் பேசிக்கொண்டே போவார்கள். மண்டியில் உட்கார மறுத்து, துறைமுகப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதையே அப்பா பெரிய அவமானமாக நினைத்தார்கள்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில் அம்மாவுக்கு விஷஜுரம் வந்தது. பிழைத்தார்கள், ஆனால் காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ சத்தம் என்று தெரியும், அவ்வளவுதான். தினமும் காலையில் தேவாரம் பாடிக்கொண்டே சமைத்த அம்மா பாடுவதை நிறுத்திவிட்டார்கள். தன் குரலே தனக்குக் கேட்காமல் யார்தான் பாடுவார்கள்? அப்பா மூர் மார்க்கெட்டில் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றும், தேவார இசைத்தட்டுகள் நாலைந்தும் வாங்கி வந்தார்கள். அம்மா குழாய்க்குள் தலையை நுழைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமே விழவில்லை என்று கையை விரித்தார்கள். அதைப் பார்த்துக் கூடத்தில் இருந்த உறவினர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாளே பெட்டியைப் பிரித்துப் போட்டார்கள். முதலில் குழாய். இருந்ததைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, பற்றவைத்து, என் உயரத்துக்கு ஒரு குழாய் செய்தார்கள். சத்தம் பெரிதானது, ஆனால் தகரம் கடகடவென்று கூடவே பாடியது. அதை அடக்க, குழாயின் வெளிப்பக்கம் முழுவதும் புளியங்கொட்டைப் பசையில் காகிதம் ஒட்டினார்கள். ஒட்டினார்களா, எங்கிருந்தோ கரப்பான்கள் பசை தின்ன வந்தன. பாட்டு வைத்தால் குழாய் வாயிலிருந்து கரப்பான் ஓடிவரும். நான் அலறிக்கொண்டு கொல்லைக்குப் போவேன். பசையில் மயில்துத்தம் கலந்த பிறகுதான் கரப்பான் ஒழிந்தது. கனமான ஊசிக்குச் சுழற்சி தளர்கிறது என்று வேறொரு பெட்டியின் சுருள்வில்லையும் சேர்த்துப் பூட்டினார்கள். வீடு முழுக்க ஈயமும் கிரீஸும் நாறியது.

இவ்வளவு செய்தும் அம்மாவுக்குக் கேட்கவில்லை. குறை சவுண்டு பாக்ஸில் இருந்தது. ஊசியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்குகிற வட்டமான மைக்கா தகடு அதற்குள் விரிசல் விட்டிருந்தது. யுத்த காலத்தில் மைக்கா எங்கே கிடைக்கும்? பித்தளைத் தகடு, சிகரெட் டின் மூடி, எண்ணெய் தடவிய காகிதம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் தொண்டை கட்டியவன் பாடுவதுபோல் இருந்தன.

பிறகு ஒரு பிரதோஷத்தன்று, பெரியப்பா அவர்களும் வீட்டுக்கு வந்திருந்தபோது, அண்ணன் சாவி கொடுத்து ஊசியை வைத்தார்கள். குரல் கணீரென்று கூடத்தில் எழுந்தது. குழாய்க்கு எதிரே சுளித்த முகத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா மெல்லத் தலையைத் தூக்கினார்கள். வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு அடிகூடத் தப்பவில்லை. இரண்டாவது பாட்டுக்கு அம்மா சேர்ந்தே பாடினார்கள். சுருதி இல்லாத அந்தக் குரலைக் கேட்டு அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைலாசத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கிறது என்று பெரியப்பா அவர்கள் சொன்னார்கள். என்ன தகடு போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஈரக் காற்றில் பாட்டு மந்தமானது, பெட்டிப் பக்கம் போனால் ஒரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியாதா? அண்ணனோடு பட்டறையில் வேலை செய்த அந்தோணி அண்ணன் மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் வாசலோடு நிறுத்தப்படுபவர். அவரிடம் கேட்டேன். மறைக்க வேண்டிய சங்கதி என்று அவருக்குத் தெரியவில்லை, பெருமையாகச் சொன்னார்.

“இன்னா பாப்பா, உனுக்குத் தெரியாதா? கத்தாழ மீனு வவுத்துல காத்துப் பை ஒண்ணு கீது. அத்த ஈரமா இஸ்து கட்டிக் காயவெச்சா மேளத்தோலு கணக்கா நிக்கும். நாந்தான் வூட்லருந்து கொண்டாந்து குட்த்தேன்.”

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். மாதக்கணக்காக எங்கள் கூடத்தில் சிவபெருமான் மீன் வயிற்றுக்குள்ளிருந்து பாடப்பட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார்கள்.

“அம்மைக்குக் கேக்குட்டி. மைக்கா கெடைச்சதும் மாத்திருதேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத.”

அன்று சாயங்காலமே திறந்தேன். அப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா அவர்களும் இருந்தார்கள். சமயப் பற்றினால் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. எனக்கு அருவருப்பாக இருந்தது, அதை யார் தலையிலாவது கொட்ட வேண்டியிருந்தது. தட்டில் கூடவே ஒலிக்கும் மிருதங்கம் மாட்டுத் தோல் என்பது அப்போது எங்களில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

அப்பா பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தார்கள். பெரிய குழாய் உருண்டு சாக்கடையோரம் போய் நின்றது.

“என் வீட்டுச் சாமியை மீன் நாத்தத்துல குளிப்பாட்டிட்டியேல. இனி இந்த நடையை மிதிக்காத.”

அண்ணன் தெருவில் இறங்கினார்கள். குழாயைத் தோளில் போட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். பெரியப்பா அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முற்றத்துக்குப் போய், ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, தலையைச் சாய்த்து, இரண்டு காதையும் கழுவினார்கள். உள்ளே போன பாட்டு வெளியே வரட்டும் என்றோ என்னவோ. அதில் ஒரு காது சீழ் பிடித்து ஒரு மாதம் வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் வீட்டைச் சாணி தெளித்து மெழுகி, புண்ணியாகவாசனம் செய்து, வடை பாயசத்தோடு பந்தி நடந்தது. உறவினர்கள் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள். அம்மா குழாய் இருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, தனியாகவே வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. மீன் தின்கிறவன் என்று சொல்லிக் கலைத்தார்கள். அண்ணன் கடைசிவரை மீனைத் தின்றதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அப்பா காலமானபோது கொள்ளி வைக்க மட்டும் அழைத்தோம். அதற்குத் தீட்டு இல்லையாம்.

காரியம் முடிந்த கையோடு அம்மா ஒரு துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணனோடு திருவொற்றியூருக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, பழைய வால்வு ரேடியோவோடு இணைத்து மின்சாரத்தில் பாடும்படி பெட்டியை அண்ணன் மாற்றியிருந்தார்கள். ஆனால் அது இரைச்சலாக இருக்கிறது என்று அம்மா பழைய சவுண்டு பாக்ஸையே திரும்ப மாட்டச் சொல்லியிருந்தார்கள். மைக்கா தாராளமாகக் கிடைக்கும் காலம் வந்திருந்தது. உள்ளே இருந்ததோ அதே மீன் பைதான். பழையது நைந்ததும் அந்தோணி அண்ணன் புதிது கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்றில் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். ‘அது மீன் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான்.’

அம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“தெரியும். மீனுன்னும் மொத நாளே தெரியும். காதுதானட்டி போச்சு, மூக்கு இருக்குல்லா. சொன்னா பாட்டு நின்னுபோவுமேன்னு இருந்தேன். நீ சொன்ன, நின்னுபோச்சு.”

அத்தனை வருஷம் மீன் வாடை தாங்காத மூக்கு என்று நான் பெருமைப்பட்ட மூக்கைவிட, என் அம்மாவின் மூக்கு எவ்வளவோ பெரியது. அன்று எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். விடு, ஊசி தேய்ந்திருக்கிறது, அடுத்த தடவை வரும்போது ஒரு டப்பா வாங்கி வா என்றார்கள். வாங்கிப் போவதற்குள் நுரையீரல் நோயில் படுத்துவிட்டார்கள்.

முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நாற்பது நாளும் அண்ணனுக்குத் துடைத்துக் குளிப்பாட்டியவர் அந்தோணி அண்ணன். இறுதி ஊர்வலத்தில் முன் தோள் கொடுத்தவரும் அவர். கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர்கள் அவர் வீட்டார். அவர்களை வணங்குகிறேன். உறவினர்களில் நன்றி சொல்ல ஒருவரையும் தேடிக் கிடைக்கவில்லை.

இன்று பந்தி முடிந்ததும் அதே ராயபுரம் வீட்டுக் கூடத்தில் அண்ணனின் பெட்டி பாடும். சென்ற வாரம் அந்தோணி அண்ணன் புதிய பை கட்டிக் கொடுத்திருக்கிறார். சாவி கொடுக்கப் போவது நான். அம்மா குழாய்க்கு எதிரே உட்காருவார்கள். வந்திருக்கும் அனைவரும் இருந்து கேட்குமாறு வேண்டுகிறேன். பெரியப்பா அவர்களின் வசதிக்காக முற்றத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன்.