சாம்பல் நிறக் காருக்கு மஞ்சள் விளக்கு

எங்கள் வீட்டுக் காரை என் மனைவிதான் ஓட்டுவாள். நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. எனக்குப் புளத்கொகுபிட்டிய கடைவீதியில் சில்லறைக் கடை. அவள் மேலே தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் காலை வேளையில் பனிமூட்டம் பாதையை விழுங்கிவிடும். காரோ பழையது, சாம்பல் நிறம். மூட்டத்துக்குள் நுழைந்தால் கார் இருக்கிற சுவடே தெரியாது.

ஒருநாள் எதிரே வந்த தேயிலைக் கொழுந்து லொறி அவளை உரசாத குறையாக வந்து நின்றது. சிங்களச் சாரதி இறங்கி வந்து, "பெனுனே நே, மிஸ்" என்றாராம். கண்ணுக்கே தெரியவில்லை என்கிறார்.

"அவரு மேல தப்பில்லங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "பெரிய லைட்டப் போட்டா மூட்டம் வெள்ளச் செவரு மாதிரி நிக்குது. போடாட்டி நான் வர்றதே யாருக்கும் தெரியல."

அந்த வார இறுதியில் வரக்காப்பொலவில் வாகன மின்வேலை செய்யும் பாஸிடம், அதாவது மேஸ்திரியிடம், போனோம். அவர் நீல வெளிச்சம் அடிக்கும் பெரிய விளக்குகளை எடுத்துவைத்து, முகப்பில் உயரமாக மாட்டினால் அழகாக இருக்கும் என்றார். இவள் சரளமான சிங்களத்தில் மறுத்தாள். மஞ்சள் விளக்கு போதும், பம்பருக்குக் கீழே, பாதையைப் பார்த்த மாதிரி இருக்க வேண்டும், எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது என்றாள். சாவியைத் திருப்பியதும் தானாக எரிகிற மாதிரி பகல் விளக்கும் வேண்டுமாம். பழைய பேட்டரி தாங்குமா என்று நான் கேட்டேன். எல்.ஈ.டி. என்றால் தாங்கும் என்று பாஸ் சொன்னார்.

விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்ததும், வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பின்னாடி ஒண்ணுமே எரியலங்க. பகல் லைட்டு முன்னுக்கு மட்டுந்தான். பின்னால வர்ற பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து மூட்டம் வந்தால் பின்பக்கச் சிவப்பு விளக்கையும் சேர்த்துப் போடுவாள். மூட்டம் விலகியதும் மஞ்சளை அணைத்துவிடுவாள். பேச்சு பாதியில் இருந்தாலும் கை மறக்காது.

டவுனில் ஆட்டோக்காரர்கள் பகல் விளக்கைப் பார்த்து, விரல்களை விரித்து மூடி, லைட் எரிகிறது என்று சைகை காட்டுவார்கள். "கல்யாண ஊர்வலமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, நீங்களும் வாங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலக் காலை. மேலே ஒரு வீட்டுக்குச் சாமான் கொடுக்க நானும் காரில் இருந்தேன். ஓடையின் மேலுள்ள குறுகலான மதகுப் பாலத்தைத் தாண்டியதும் மூட்டத்துக்குள்ளிருந்து யாரோ கத்துவது கேட்டது. அவள் காரை நிறுத்தினாள். சற்று மேலே தோட்டத்து லொறி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

சாரதி ஓடி வந்தார். "லைட்டு ரெண்டும் செத்துப்போச்சு டீச்சர். உள்ள புள்ளத்தாச்சி, வலி வந்துருச்சு. ஒங்க மஞ்ச லைட்டு தெரிஞ்சதுனால நிப்பாட்டுனேன். இல்லாட்டி மதகுலயே வந்து மோதியிருப்பேன்."

"அவங்கள நம்ம கார்ல ஏத்துங்க" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணும் அவளுடைய தாயும் பின்சீட்டில் ஏறினார்கள். அங்கே காரைத் திருப்ப இடமில்லை. மதகைத் தாண்டி, பாதை அகலமாகும் இடம்வரை பின்பக்கமாகவே போக வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நான் இறங்கிப் பின்னால் நடந்து குரல் கொடுத்தேன். என் குரலையும் கண்ணாடியையும் மட்டும் நம்பி, சக்கரம் ஒரு சாண்கூட விலகாமல் கொண்டுவந்து திருப்பினாள்.

கீழே இறங்கும்போது அவசரப்படவில்லை. "மூச்ச மெதுவா விடுங்கம்மா, இந்தா வந்துருச்சு" என்று பின்சீட்டோடு பேசிக்கொண்டே ஓட்டினாள். மேலே ஏறி வந்த பஸ் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்து, வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி வழிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணின் தாய் வெளியே வந்து என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பயமா இல்லையா ஒனக்கு?" என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டேன்.

"இருந்துச்சு. அதான் மெதுவா வந்தேன்" என்றாள். "ஏறுங்க, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாயிருச்சு."