பிரபுவுக்கு ஒரு கட்சி இருந்தது

இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குத் துணை ஒரு பிரபு. விக்டோரியா மகாராணி காலத்து ஆள். பிரபுக்கள் சபையில் அரசியல், அரண்மனையில் உத்தியோகம். அவருடைய வாழ்க்கைக் கதையைப் பழைய புத்தகக் கடையொன்றில் பிரெஞ்சில் வாங்கினேன். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் தமிழ்ச் சத்தத்துக்குக் குறைவில்லை. மேலே என் அறையில்தான் பேச ஆளில்லை. அதனால் பக்கத்துக்குப் பக்கம் அவரோடு சண்டை பிடித்தேன்.

அரண்மனையில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? நிற்பது. விருந்தாளிகளை வாசலில் வரவேற்பது, ராணிக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடப்பது. இதற்குப் பட்டும் பதக்கமும்! நன்றாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே தமிழர் கலியாணம் என்றால் மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி நிற்பவன் நான்தான். தனி ஆள், பிள்ளை குட்டி இல்லை, கூப்பிட்டால் வருவான். "அண்ணை வாசலிலை நிண்டாத்தான் சபை நிறையும்" என்பார்கள். அந்த வார்த்தைக்கு நான் மயங்கித்தான் போனேன்.

கட்சி தோற்றால் பிரபுவின் அரண்மனைப் பதவியும் போய்விடும். பாவம் மனிதர் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் எந்தப் பக்கம் என்று நாடே அறியும். அந்தப் பக்கத்து ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

போன மாதம் பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் ஒரு கலியாணம். பெண்ணின் தகப்பனும் நானும் பாரிசுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்தவர்கள். மாப்பிள்ளையின் தாய் என் ஊர்க்காரி. வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்கு எங்கள் ஆட்கள் போவதில்லை. வறட்டுக் கௌரவம்தான், எனக்கும் அது நிறைய உண்டு. இரண்டு பகுதியிலும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. கடைசி நேரத்திலாவது யாராவது வருவார்கள் என்று, அன்று விடியவே குளித்து, பட்டு வேட்டி கட்டி, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பெண்ணின் தாய் தொலைபேசி எடுத்தாள். பின்னால் மேளம் கேட்டது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? மாப்பிள்ளை பகுதி உங்களுக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நாங்கள் இருந்திட்டம். அவை, நாங்கள் சொன்னதெண்டு நினைச்சவையாம்."

இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையில் செத்ததாம் நாய்க்குட்டி என்பார்கள். அதுதான் என் கதை.

"அப்ப நான் ஆரின்ரை பகுதி, தங்கச்சி?"

கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கெஞ்சலாக வந்துவிட்டது.

"சாப்பாடு நடக்குது அண்ணை. வெளிக்கிட்டு வாங்கோவன்."

"நான் சாப்பிட்டிட்டன்" என்றேன். பொய். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

இன்னொரு தரம் கூப்பிட்டால் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். இருட்டும்வரை வேட்டியை மாற்றவில்லை.