அறுத்தும் விழாத முந்திரி

அடிமரம் அறுபட்டு, தரையே தொடாமல் நிற்கிற ஒரு முந்திரி மரம் காய்த்துக் குலுங்குகிறது என்று அலுவலகத் தோழி ஒரு போட்டோ அனுப்பினாள். போட்டோஷாப் வேலை என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்! "எங்க ஜெயங்கொண்டம் பக்கந்தான். போயிப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றாள். ரோஷம் யாரை விட்டது? போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஊரே ஃபேனுக்கு அடியில் படுத்துக் கிடந்த வெயில் காலத்தில், நான் திருச்சியில் ரயில் ஏறினேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பியவள் எட்டேகால் வாக்கில் அரியலூரில் இறங்கினேன். அங்கிருந்து ஜெயங்கொண்டத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் கால் மணி. ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டு, இறங்கும்போது உடம்பெல்லாம் திருநீறு பூசியது போல இருந்தேன். அதோடு கொலைப் பசி. பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி உள்ளே போன பிறகுதான் கண் தெரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விநோத மரங்களைத் தேடிப் போய் எழுதுகிறவள் நான். 'ஒட்டி வளர்ந்த மரம்' என்று எனக்கு வாசகர்கள் அனுப்பும் படங்களில் முக்கால்வாசி அரசும் வேம்பும்தான். அவை ஒன்றையொன்று கட்டிப்பிடித்து நிற்கின்றன, அவ்வளவே. உள்ளுக்குள் அதன் சாறு அதற்கு, இதன் சாறு இதற்கு. ஒரே இனத்து மரங்கள் இரண்டு பக்கத்தில் நின்று, கிளையோடு கிளை வருஷக்கணக்கில் உரசிப் பட்டை தேய்ந்து, பச்சையோடு பச்சை சேர்ந்தால்தான் நிஜமான ஒட்டு. நர்சரியில் கத்தி வைத்துச் செய்கிற வேலையைக் காற்று செய்துவிடும். அதற்குப் பிறகு ஒரு மரம் குடிக்கும் தண்ணீர் இன்னொன்றுக்கும் போகும்.

ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டதும் செல்வம் என்ற டிரைவர், "அறுத்தும் விழாத மரமா? ஏறுங்கம்மா" என்றார். எட்டு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுதான், ஆனால் அது வரும்போது வரும்.

போகும் வழியில் செல்வம் கதையைச் சொன்னார். அண்ணன் தம்பி இருவர் முந்திரிக் கொல்லையை (தோப்பை இங்கே கொல்லை என்றுதான் சொல்கிறார்கள்) பாகம் பிரித்தார்கள். நடுவே முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணன் மரம், அந்தப் பக்கம் தம்பி மரம், தலைக்கு மேலே இரண்டும் ஒட்டு. தம்பி மரத்தின் கிளையெல்லாம் அண்ணன் பக்கமே சாய்ந்திருந்தது. கொட்டை எந்தக் கொல்லையில் விழுகிறதோ அந்தக் கொல்லைக்காரருக்கே சொந்தம் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நம் மரம், அவர்கள் பொறுக்குவதா என்று தம்பிக்கு ஆத்திரம். ஆள் கூட்டி வந்து தன் மரத்தைத் தானே அறுத்தார்.

"முழங்கால் ஒசரத்துல ஒரு துண்டையே எடுத்துட்டாங்கம்மா. மரம் விழல! மேல வெட்டலாம்னு ஏறுனா, அண்ணன் பொண்டாட்டி முத்துலட்சுமி வந்து, 'எம் மரத்துல ரம்பம் பட்டுச்சு, நடக்கறதே வேற'ன்னுடுச்சு. சரி, தானா காஞ்சிரும்னு வுட்டாங்க. காஞ்சாத்தானே!"

ரெண்டு வருஷமாகிறது. தம்பி சிங்கப்பூர் போய்விட்டார். அவர் மனைவி சித்ராவும் முத்துலட்சுமியும் பேசிக்கொள்வதில்லை.

மரத்தைப் பார்த்தேன். அம்மாடி! ஒரு கால் போன 'எச்' எழுத்து. நடுவில் என் தொடை கனத்துக்கு ஒட்டுக் கிளை, தழும்பு மாதிரி புடைத்து, எது எந்த மரம் என்றே தெரியவில்லை. அறுபட்ட மரம் அதில் தொங்கியபடி தளதளவென்று தழைத்திருந்தது, நுனியெல்லாம் சிவப்புப் பழம். அடியில் இருந்த இடைவெளியில் என் குடையை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தேன். தோழிக்கு அங்கேயே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

போனை வைக்கும்போதுதான் மெஷின் ரம்பச் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி கிழட்டு மரங்களை எடுத்துவிட்டுப் புது ஒட்டுக்கன்று வைக்கிறாராம். கன்றுகள் பாக்கெட்டோடு வரிசையாகக் காத்திருந்தன. அவருடைய மரம் போனால் இரண்டும் போகும்.

வேலிக்கு அப்பால் சித்ரா வந்து நின்றார். ரெண்டு வருஷ மௌனத்தை அவர்தான் உடைத்தார்.

"அக்கா, அத மட்டும் வுட்டுடுங்க. நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் வெச்ச மரம். அவரு அறுக்கறப்பவே கால்ல வுழுந்து அழுதேன்."

"உங்க மரத்துக்கு எம் மரம் எத்தினி நாளைக்கு முட்டுக் குடுக்கறது? நான் கன்னு வைக்க வேணாமா?" என்றார் முத்துலட்சுமி.

ரம்பக்காரர் அறுக்க வசதியாக முத்துலட்சுமி மரத்தின் அடியில் கிடந்த சருகைக் காலால் தள்ளினார். சருகுக்குக் கீழே ஆட்டுப் புழுக்கை, கூடை கூடையாக. கொஞ்சம் மக்கியது, மேலே புதுசு.

"எரு போட்டிருக்கீங்களேக்கா, அப்பறம் ஏன் வெட்டச் சொல்றீங்க?" என்று முத்துலட்சுமியிடம் கேட்டார் ரம்பக்காரர்.

"நான் எங்க போட்டேன்? எங்கிட்ட ஆடே இல்லையே" என்ற முத்துலட்சுமி, மெல்லத் திரும்பிச் சித்ராவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழங்கை வரைக்கும் முள் கீறல்.

"நீங்க நூறு நாள் வேலைக்குப் போறப்ப வந்து போடுவேன்" என்றார் சித்ரா. "பின்ன என்னக்கா செய்றது? எம் மரம் உங்க மரத்து வாயாலதான சாப்பிடுது."

"கொட்டையெல்லாம் எம் பக்கந்தானடி விழுது!"

"ஒத்தக் கொட்டை வேணாங்க்கா. உசுரோட நின்னாப் போதும்."

முத்துலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோபமெல்லாம் ரம்பக்காரர் மேல் பாய்ந்தது. "என்ன வேடிக்கை? அந்தாண்ட மரத்தப் போயி அறு!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று செல்வத்திடம் சமாளித்தேன். மரம் மரத்துக்கு ஊட்டுவதைப் பார்க்கப் போய், வேறொன்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை பழம் இருக்கும், காலை பத்துக்குள் போய்விடுங்கள். தண்ணீர் கையோடு வேண்டும், கொல்லையில் கடை கிடையாது. விழுந்து கிடக்கும் பச்சைக் கொட்டையைக் கையால் உடைக்காதீர்கள், அதன் பால் பட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும். ஒட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம், ஒரு மரத்தின் உயிர் அதன் வழியாகத்தான் போகிறது.

கடைசியாக, வழி. வேலி இருப்பதால் சித்ரா பக்கத்துக்குப் போகச் சாலைக்குத் திரும்பிப் போய்ச் சுற்றி வர வேண்டும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். மரத்தடிக்கே போங்கள். அங்கே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வேலி திறந்திருக்கும். நான் ஆட்டோ ஏறும்போது முத்துலட்சுமி அந்த முள்ளை வெறுங்கையால் இழுத்து ஓரம் போட்டுக்கொண்டிருந்தார்.